சொந்த சர்வரா, கூட்டுச் சேவையா? கல்லூரியின் பணத்துக்கு எது கூடுதல் பயன் தருகிறது

எங்கள் கல்லூரியின் கணினி மையத்தில் ஏழு ஆண்டுகள் சொந்த சர்வரில் மூடுல் கற்றல் தளத்தை நடத்திவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பல கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுச் சேவைக்கு மாறினோம். அந்த மாற்றத்தை நிர்வாகக் குழுவின் முன் வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய, நடுத்தரக் கல்லூரிகளுக்குக் கூட்டுச் சேவையே கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற பலனைத் தருகிறது.

மொத்தமாக வாங்கினால் பேரம் பேச வலு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் 10 வளாகங்களுக்கும் சேர்த்துப் பேசி, 2019இல் ஆய்விதழ்களை வெளியிடும் எல்சவியர் நிறுவனத்துடனான பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு, 2021இல் புதிய நிபந்தனைகளோடு ஒப்பந்தம் செய்தது. ஒரு மாணவர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது தன் சொந்தக் கல்லூரியின் லாகினைக் கொண்டே அங்குள்ள வைஃபையில் நுழைய வழிசெய்யும் எட்யூரோம் போன்றவற்றில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அவற்றை எந்தக் கல்லூரியும் தனியாக நடத்த முடியாது.

கேள்வி எழுவது, தனியாகவும் செய்யலாம், சேர்ந்தும் செய்யலாம் என்றிருக்கும் சேவைகளில்தான். அங்கே முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. மூடுல் இலவச மென்பொருள் என்பதால், சொந்த சர்வருக்கான மதிப்பீட்டில் இயந்திரத்தின் விலையும் மின்செலவும் மட்டுமே தெரியும். அதன் அருகில் கூட்டுச் சேவையின் ஆண்டுக் கட்டணத்தை வைத்தால் அது அநியாயமாகத் தோன்றும். எங்கள் குழுவிலும் முதல் கூட்டத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தத் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆளின் நேரம் அந்த மதிப்பீட்டில் எங்குமே இல்லை.

எங்கள் தளம் 2018 மே மாதம் வெளியான மூடுல் 3.5 பதிப்பிலேயே நின்றுவிட்டிருந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021 மே மாதத்தோடு நின்றுபோயின. தளத்தை அமைத்த நண்பர் அதற்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். பிறகு 4.2 பதிப்புக்குப் போகலாம் என்று நாங்கள் உட்கார்ந்தபோது, நேரடியாகத் தாவ முடியாது, முதலில் 3.11.8 பதிப்பையாவது எட்ட வேண்டும், மூடுல் ஓடத் தேவையான பி.எச்.பி. நிரல்மொழியின் 8.0 பதிப்பும் வேண்டும் என்று தெரிந்தது. அந்த பி.எச்.பி.க்கு எங்கள் பழைய இயங்குதளம் ஒத்துவரவில்லை. இயங்குதளத்தை மாற்றினால், அகமதிப்பீட்டு மதிப்பெண்களுக்காக அந்த நண்பர் எழுதிய பிளக்கின் (மூடுலோடு இணைந்து ஓடும் துணை நிரல்) ஓடவில்லை. ஒன்றைத் தொட்டால் அடுத்தது ஆடியது. ஒரு விடுமுறைக் காலம் முழுவதும் அதிலேயே கரைந்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பேக்கப்பில் இருந்தது. ஒவ்வோர் இரவும் பேக்கப் வெற்றி என்றுதான் பதிவாகிக்கொண்டிருந்தது. அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தபோது தரவுத்தளம் முழுமையாக வந்தது. பாடங்களின் பெயர், மாணவர் பட்டியல், மதிப்பெண் எல்லாம் இருந்தன. ஆனால் எந்த மாணவர் சமர்ப்பித்த ஒப்படைப்பும் திறக்கவில்லை. மூடுல் கோப்புகளைத் தரவுத்தளத்தில் வைப்பதில்லை. மூடுல்டேட்டா என்ற தனிக் கோப்புறையில் வைக்கிறது. அந்தக் கோப்புறை எங்கள் பேக்கப்பில் சேர்க்கப்படவே இல்லை. சர்வர் அதுவரை பழுதாகாமல் இருந்ததால் மட்டுமே தப்பித்தோம்.

கூட்டுச் சேவையில் இதே வேலைகளை ஒரு குழு எல்லாக் கல்லூரிகளுக்குமாகச் சேர்த்துச் செய்கிறது. ஒருவர் விலகினாலும் வேலை தெரிந்த இன்னொருவர் இருக்கிறார். கட்டணத்தில் நாங்கள் வாங்குவது முக்கியமாக இந்தத் தொடர்ச்சியைத்தான்.

குறைகளும் உண்டு. முதல் ஆண்டில் எங்கள் அகத்தேர்வு வாரத்திலேயே அவர்கள் அப்கிரேடு செய்தார்கள். பெரும்பாலான உறுப்புக் கல்லூரிகளுக்கு அது விடுமுறை. ஒரு பிளக்கின் வேண்டுமென்று கேட்டு, அவர்களின் குழு ஒப்புதல் தரும்வரை ஒரு பருவம் காத்திருந்தோம். சொந்த சர்வரில் இவை இரண்டும் நம் கையில் இருக்கும். கட்டணம் மாணவர் எண்ணிக்கைப்படியா, கல்லூரிக்கு இவ்வளவு என்ற ஒரே தொகையா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே தொகை என்றால் சிறிய கல்லூரிகளே அதிகம் சுமக்கும். நான்கைந்து பேர் கொண்ட நிலையான கணினிக் குழு வைத்திருக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்குச் சொந்த சர்வரே கட்டுப்படியாகலாம். ஆராய்ச்சிக்கான உயர்திறன் கணினிச் சேவையை நாங்கள் பயன்படுத்தியதில்லை என்பதால், என் முடிவை அதற்கு நீட்ட மாட்டேன்.

தனியார் நிறுவனத்திடம் தளத்தை ஒப்படைப்பது மூன்றாவது வழி. பராமரிப்புச் சுமை அதிலும் குறையும். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளில் அவர்கள் எதிரே நாம் தனியாக உட்கார வேண்டும். கூட்டமைப்பிலோ விலை நிர்ணயத்தில் நமக்கும் ஒரு வாக்கு உண்டு.

எந்த வழியில் போனாலும், வெளியேற நேர்ந்தால் தரவு எந்த வடிவில், எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நாங்கள் வாங்கிக்கொண்டோம், ஆனாலும் அதை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஒவ்வொரு பருவ முடிவிலும் ஏதேனும் ஒரு பாடத்தின் பேக்கப்பை மாணவர் தரவோடு இறக்கி, தொடர்பே இல்லாத ஒரு மடிக்கணினியில் மீட்டுப் பார்க்கிறோம். சென்ற பருவம் வேதியியல் பாடத்தை எடுத்தோம். ஆசிரியர் தன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்படைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், எல்லாம் திறந்தன.