பாய்லர் இல்லாத கப்பலில் ஒரு இரவு

நெய்வேலி முதல் அனல் மின் நிலையத்தில் முப்பது வருஷம் டர்பைன் பக்கம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். கலிஃபோர்னியாவில் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், "லாங் பீச்சில் ஒரு பழைய கப்பலை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு ராத்திரி தங்கலாம்பா" என்றான். ஓடாத கப்பலில் என்ன இருக்கப் போகிறது என்று அரை மனசோடுதான் கிளம்பினேன்.

குயின் மேரி. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் கட்டி, 1936 மே மாதம் முதல் பயணம் போன கப்பல். 1967 டிசம்பரில் லாங் பீச் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் இந்த ஊரை விட்டு நகரவில்லை. 311 மீட்டர் நீளம். கீழே நின்று பார்த்தால் முனையும் தெரியாது, வாலும் தெரியாது. பக்கத்திலேயே கார்னிவல் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல்கள் வந்து கட்டும் துறை. நாங்கள் போன அன்று அங்கே ஒரு புதுக் கப்பல் நின்றிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பை மிதக்கவிட்ட மாதிரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்த என் பேத்தி, "தாத்தா, இதுதான் கப்பல் மாதிரி இருக்கு" என்று பழையதைக் காட்டினாள்.

அறை முதல் வகுப்புப் பயணிகள் தங்கிய அறை. சுவரெல்லாம் மரப்பலகை, வட்ட ஜன்னல். சொகுசு ஹோட்டலை எதிர்பார்த்துப் போகாதீர்கள், 1930களின் அறைக்குள் படுக்கிறோம் என்று நினைத்துப் போங்கள். எனக்குப் பிடித்தது குளியலறை. தொட்டிக்கு மேலே நாலு திருகு: நல்ல தண்ணீரில் வெந்நீர், பச்சைத் தண்ணீர், உப்புத் தண்ணீரிலும் அதே இரண்டு. கடல் தண்ணீரைச் சூடாக்கிக் குளித்திருக்கிறார்கள்! உப்புத் தண்ணீர்த் திருகைத் திருகிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும், இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை.

சுற்றிப் பார்க்க மகன் எடுத்திருந்தது பேய்க் கதைச் சுற்று, பேத்தியின் பிடிவாதம். தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தருகே இருட்டில் நிறுத்திக் கதை சொன்னார்கள். அவளுக்குக் கொண்டாட்டம், எனக்குக் கொட்டாவி. சரி, குழந்தைகள் இருந்தால் அதை எடுங்கள். மற்றவர்கள் நேராக எஞ்சின் அறைக்கு இறங்குங்கள்.

செங்குத்தான இரும்புப் படி. இறங்க இறங்கப் பழைய எண்ணெய் வாசனை. பின்பக்க எஞ்சின் அறையை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்: நீராவியைத் திறந்து மூடும் பெரிய சக்கரங்கள், பித்தளை விளிம்பு வைத்த பிரஷர் கேஜ் வரிசை, மேலிருந்து உத்தரவு வரும் டெலிகிராஃப். மொத்தம் நாலு செட் டர்பைன், 1,60,000 குதிரைத் திறன். மனசுக்குள் கணக்குப் போட்டேன்: சுமார் 120 மெகாவாட். எங்கள் 50 மெகாவாட் யூனிட் இரண்டைச் சேர்த்தாலும் எட்டாது. அதை ஒரு கப்பலின் வயிற்றில் வைத்து, அட்லாண்டிக் அலையில் ஆட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்கள். அட்லாண்டிக்கைக் கடப்பதில் 1938இல் பிடித்த வேகச் சாதனையை 1952 வரை எவராலும் முறியடிக்க முடியவில்லை.

ஆனால் டர்பைன் பக்கத்தில் நிற்கிறோம், சூடு இல்லை, இரைச்சல் இல்லை. பேய்ச் சுற்றில் வராத ஒரு மாதிரி உணர்வு எனக்கு இங்கேதான் வந்தது. டர்பைனுக்கு நீராவி கொடுக்கும் பாய்லர் எங்கே என்று தேடினால், ஒன்றுகூட இல்லை. 27 பாய்லரையும் ஹோட்டலாக மாற்றும்போது வெட்டி எடுத்துவிட்டார்கள். புகைபோக்கிகளைக் கழற்றி அந்த வழியாக மேலே தூக்கினார்களாம். கழற்றிய புகைபோக்கிகளோ துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன, அத்தனை வருஷமும் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது மேலே பூசிய பெயின்ட்தான். இப்போது மேலே நிற்கும் மூன்றும் புதிதாகச் செய்து வைத்தவை. பெயின்ட் அடித்தே சமாளித்த பைப்லைன்களை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் சிரிப்பு வந்தது.

அங்கிருந்து ஒரு சின்னக் கதவு. உள்ளே கம்பித் தடுப்பு, கீழே பச்சையாகத் தண்ணீர், அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு ப்ரொப்பெல்லர். நாலில் மிச்சம் வைத்தது இந்த ஒன்றைத்தான். கப்பலின் வெளிப்புறம் ஒரு இரும்புப் பெட்டியை ஒட்டவைத்துக் காட்டுகிறார்கள். ப்ரொப்பெல்லர் மட்டும் 30 டன்னுக்கு மேல். தண்ணீர் லேசாக அசைவதால், ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தால் அது சுழலத் தொடங்குவது போலவே இருக்கிறது. பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நீச்சல் குளத்தில்கூட அவள் இப்படிப் பயப்படவில்லை.

முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறந்திருந்தால் தவறவிடாதீர்கள். சுவர் முழுக்க அட்லாண்டிக் வரைபடம். அதில் கண்ணாடிக் கப்பல் ஒன்று தினமும் நகர்ந்து, இன்றைக்கு எங்கே இருக்கிறோம் என்று சாப்பிடுகிறவர்களுக்குக் காட்டுமாம். பனிப்பாறை மிதக்கும் காலத்துக்கென்று தெற்கே தள்ளி இன்னொரு பாதையும் உண்டு. மேல்தளத்து மதுக்கூடம் அழகுதான்; எனக்கு அங்கே வேலை இல்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள் எஞ்சின் அறைப் படிகளைக் காலையில் இறங்குங்கள், கால் தெம்பாக இருக்கும். நான் மறுநாள் மற்றவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தனியாக இன்னொரு தடவை இறங்கிவிட்டு வந்தேன்.