மன்னார்குடி மிலிட்டரிக்காரர் கடை: பென்ஷன் வேலைக்கு நம்பிப் போகலாம்

பென்ஷன், உயிரோடு இருப்பதற்கு வருஷா வருஷம் கொடுக்கிற ஆயுள் சான்று, முன்னாள் ராணுவத்தாருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ கார்டு என்று அலைகிற முன்னாள் ராணுவத்தார் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மன்னார்குடி பந்தலடியில் இறங்கி மிலிட்டரிக்காரர் கடை எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரரே வழி சொல்லிவிடுவார். வாசல் போர்டில் பொதுச் சேவை மையம் என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ரேகை வைக்கிற கருவி, பழைய மர பெஞ்ச் ஒன்று, அவ்வளவுதான். இதே சாமான் எல்லா நெட் சென்டரிலும் இருக்கிறது. ஆனால் ராணுவக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் எல்லா நெட் சென்டரிலும் இல்லை. நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது அதற்காகத்தான்.

எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 வருஷம் இருந்துவிட்டு 1991-ல் ஹவில்தாராக ஊருக்கு வந்தவர். அதற்கப்புறம் சாகுபடி, கொஞ்ச காலம் ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு காவல், திரும்பவும் சாகுபடி. எழுபதைத் தாண்டித்தான் தவறினார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் மாற்ற வேண்டும் என்று கிளம்பினோம். பக்கத்து ஊர் நெட் சென்டர் ஒன்றில் ஸ்பர்ஷ் என்கிற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் போட்டுத் தருகிறேன் என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கேட்ட கட்டத்திலெல்லாம் ஆதாரில் இருப்பதை அப்படியே தட்டிவிட்டார்கள், விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. ஏன் வந்தது என்று கேட்டால் சர்வர் பிரச்சினை என்றார்கள். சொந்தத்தில் ஒருவர், அப்பா தவறியதை ஏன் அவசரப்பட்டுச் சொல்கிறீர்கள், அடுத்த ஆயுள் சான்று வரைக்கும் அப்பா கணக்கில் விழுகிற பணத்தை எடுத்துக்கொண்டு இருங்கள் என்று யோசனை வேறு சொன்னார்.

அதற்கப்புறம்தான் இந்தக் கடைக்கு வந்தோம். கடை நடத்துகிற மிலிட்டரிக்கார அண்ணன் முதலில் நிறுத்தியது அந்த யோசனையைத்தான். "பாப்பா, அந்தக் கணக்குல கை வைக்காதீங்க. இறந்த மறுநாள்லேருந்து அம்மாவோட பென்ஷன்தான் ஓடணும். அப்பா பேர்ல கூடுதலா விழுந்ததை எப்படியும் திரும்பப் புடிப்பாங்க, அப்ப அம்மாதான் கஷ்டப்படுவாங்க" என்றார். முன்பு பேங்க் வழியாக வந்த ராணுவ பென்ஷன் இப்போது பிரயாக்ராஜில் இருக்கிற பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்தின் கீழ் ஸ்பர்ஷ் வழியாக வருகிறது, அதனால் பேங்க் மேனேஜரிடம் போய் உட்கார்ந்திருப்பதில் பிரயோஜனம் இல்லை என்பதையும் அவர்தான் புரியவைத்தார்.

அடுத்து கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் இருக்கிறதா, பழைய பி.பி.ஓ., அதாவது பென்ஷன் உத்தரவு, இருக்கிறதா என்று கேட்டார். அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் ஓட்டு வீட்டுக்குள் தண்ணீர் இறங்கியபோது நனைந்த புத்தகம் அது, ஓரமெல்லாம் பழுப்பேறி இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு ஆளாக இருந்தால் இது செல்லாது, புதுசு வாங்கி வாங்க என்று அனுப்பியிருப்பார். இவர் ஒரு ஸ்கேலை நுழைத்துப் பக்கத்தைப் பிரித்து, விளக்கைக் கிட்டே இழுத்து, குடும்ப விவரம் எழுதியிருக்கிற பக்கத்தில் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். கல்யாணத்தைப் பதிவு செய்த பார்ட் டூ ஆர்டர் என்கிற ராணுவ உத்தரவின் எண், தேதி, அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வருஷம் 1960. ஆதாரில் 1963. விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் இந்த மூன்று வருஷம்தான், சர்வர் இல்லை.

எது சவுகரியமோ அதைப் போடக்கூடாது, எது நிஜமோ அதற்குக் காகிதம் கொண்டு வாங்க என்றார். அம்மா அஞ்சாவது வரைக்கும் படித்த ஊராட்சிப் பள்ளியில் சான்று வாங்கினோம், 1963 என்று இருந்தது. நோட்டரி உறுதிமொழி, ஆதார், பான் கார்டு, பி.பி.ஓ. நகல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, குன்னூர் வெலிங்டனில் ரெஜிமென்ட் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீசுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அனுப்ப ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். நான்கே வரி. அப்பாவின் ராணுவ எண், ரேங்க், பெயர் தலைப்பில், என்ன திருத்தம், எந்தப் பார்ட் டூ ஆர்டர், என்னென்ன இணைப்பு. அவர் சர்வீஸில் கிளார்க்காக இருந்தவர், 24 வருஷம் இந்தக் கடிதத்தை அந்தப் பக்கத்திலிருந்து வாங்கிப் படித்தவர், அதனால் எந்த வார்த்தை இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். திருத்தம் வந்தது. ஸ்பர்ஷில் மறுபடி போட்டோம். அம்மாவுக்குப் பென்ஷன் நிலுவையோடு வந்துவிட்டது.

பிறந்த வருஷத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று அம்மாவே கேட்டார்கள். 80 வயது ஆனால் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயது வாழ்ந்தால் இரட்டிப்பு. தேதி தப்பாக இருந்தால் அன்றைக்கு அதைச் சரிசெய்யப் பிள்ளைகள் அலையவேண்டி வரும் என்றார் அண்ணன். அம்மா சிரித்துக்கொண்டே சரி தம்பி, போட்டு விடுங்க என்றார்கள். அப்பா போனதற்கப்புறம் அவர்கள் வெளியிடத்தில் சிரித்து நான் பார்த்தது அங்கேதான்.

பணக் கணக்கையும் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். கடைசிச் சம்பளத்தில் பாதி வரும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பென்ஷனில் இருக்கும்போது இறந்தால் அந்தப் பாதி, இறந்த நாளிலிருந்து 7 வருஷம் அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகிற நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரைக்கும்தான். அப்பா அந்த வயதைத் தாண்டிவிட்டதால் ஆரம்பத்திலிருந்தே 30 சதவீதம். குறைந்தபட்சம் 9,000 ரூபாய் உறுதி, அதற்கு மேல் அகவிலைப்படி. ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் குடும்ப பென்ஷனுக்கும் உண்டு, 2014 ஜூலையிலிருந்து கணக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒரு திருத்தம், கடைசியாக 2024 ஜூலை. அந்தத் திருத்தம் அம்மா கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பென்ஷன் சீட்டை எடுத்துக் காட்டி டிக் அடித்துக் கொடுத்தார். கேட்காமலே செய்தார்.

இ.சி.எச்.எஸ். கார்டு அப்பா பெயரில் இருந்ததை அம்மா பெயருக்கு மாற்றும் விண்ணப்பமும் அங்கேயே போட்டோம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் குடும்பத்துக்கு இதற்குச் சந்தா கிடையாது, யாராவது சந்தா கட்டச் சொன்னால் நம்பாதீர்கள். இப்போது அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தஞ்சாவூர் பாலிகிளினிக்கில் வாங்குகிறோம்.

நவம்பரில் ஆயுள் சான்றுக்குப் போனபோது பார்த்ததையும் சொல்லவேண்டும். சம்பா களையெடுப்பு நேரம், நல்ல மழை. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா, கையெல்லாம் சேற்றில் ஊறிய கை, வயது எண்பதுக்கு மேல் இருக்கும். ரேகைக் கருவியில் பத்து விரலும் வைத்தாயிற்று, ஒன்றும் பதியவில்லை. நாற்று நட்டு நட்டுத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? போன வருஷம் வேறு ஒரு இடத்தில் இதனாலேயே திருப்பி அனுப்பி, பென்ஷன் நின்றுபோய், அது திரும்ப ஓடுவதற்குள் ரேஷன் அரிசியில் காலத்தைத் தள்ளினேன் என்று அந்த அம்மா சொன்னதைக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. முகத்தை வைத்தே சான்று எடுக்கிற வசதி 2021-லேயே வந்துவிட்டது, ஒரு போன் போதும். அண்ணன் அவரை வாசல் வெளிச்சத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, முக்காட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொல்லி, போனைப் பிடித்துக்கொண்டு "கண்ணை ஒருதரம் மூடித் திறங்க ஆத்தா" என்றார். அந்த அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திறக்கவே இல்லை. மறுபடி, மறுபடி. மூன்றாவது தடவை பச்சை டிக் விழுந்தது. அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து, எண்பது தாண்டியவங்க அக்டோபர் ஒண்ணாம் தேதியிலேருந்தே கொடுக்கலாம், அடுத்த வருஷம் மழைக்கு முன்னாடி வந்துடுங்க என்று சொல்லி அனுப்பினார். காசு வாங்கவில்லை. ஆயுள் சான்றுக்கு அவர் யாரிடமும் வாங்குவதில்லை, ஜெராக்ஸ், பிரிண்ட் எடுத்தால் அதற்கு மட்டும்.

15 வருஷ சர்வீஸ் முடிக்காமல் பென்ஷன் இல்லாமல் வந்த பெரியவர்களையும் அவர் விடுவதில்லை. அவர்களில் 65 வயது தாண்டிய ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் மத்திய முப்படை வீரர் வாரியம் மாதம் 4,000 ரூபாய் கொடுத்துவந்தது, 2025 நவம்பர் முதல் வருகிற விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள், ஹவில்தார் ரேங்க் வரைக்கும். இது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அவர் கடைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

குறை என்றால் இடம்தான். பெஞ்சில் நான்கு பேருக்கு மேல் உட்கார முடியாது, நவம்பர் கடைசி வாரத்தில் வயதானவர்கள் மழைச் சாரலில் படிக்கட்டில் நிற்கிறார்கள். கழிப்பறை கிடையாது, அம்மா வயதுப் பெண்களுக்கு இது பெரிய கஷ்டம். டோக்கன் கொடுக்கலாமே என்றேன், யோசிக்கிறேன் என்றார். இன்னொன்று, அவர் பேச்சில் கறார் உண்டு. வரிசை மீறினால் பெரிய ஆபீசராக இருந்தாலும் சத்தம் போடுவார், காகிதம் குறைந்தால் ஆரம்பிக்கவே மாட்டார். எனக்கு அது சரி என்றே பட்டது, ஆனால் சிலர் முகம் சுளித்துப் போனதையும் பார்த்தேன்.

காத்திருக்கிற நேரம் வீணாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லாம் லே, ஜம்மு, நாகாலாந்து என்று பார்த்துவிட்டு வந்தவர்கள். 1987-ல் யாழ்ப்பாணத்துக்கு அமைதிப்படையில் போன ஒருவர், கோடியக்கரையில் நின்றால் இங்கிருந்து கூப்பிடு தூரம் அந்த ஊர், அங்கே வீட்டுச் சோதனையில் தமிழில் கெஞ்சிக் கும்பிட்டவர்களிடம் பேச என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை, ஒருவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொன்னார். எங்கப்பாவும் வீட்டில் பேசாத விஷயங்கள் இருந்தன. அவரை உயிரோடு இருக்கும்போதே இந்த பெஞ்சுக்கு அழைத்து வந்திருந்தால் மனம்விட்டுப் பேசியிருப்பார் என்று தோன்றியது.

போகிறவர்கள் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் அசலும் நகலும் எடுத்துப் போங்கள். ஆதாரோடு இணைத்த போன் கையில் இருக்கவேண்டும், ஓ.டி.பி. அதில்தான் வரும். காலை பத்து மணிக்குள் போனால் வேலை சீக்கிரம் முடியும், மத்தியானத்தில் தளம் மெதுவாகிவிடுகிறது. ஞாயிறு விடுமுறை. நாற்று, அறுப்பு நேரத்தில் அவரும் வயலில் இருப்பார், போன் செய்துவிட்டுப் போவது நல்லது.