காட்பாடியில் ஒரு வீட்டுத் தரகர்: வாடகையா, சொந்தமா?

வேலூர் சத்துவாச்சாரியில் 9,500 ரூபாய் வாடகையில் இருக்கும் நாங்கள், சொந்த வீடு வாங்கலாமா என்ற யோசனையில் காட்பாடித் தரகர் ஒருவரை இரண்டு மாதங்கள் பயன்படுத்தினோம். வீடு காட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பட்ஜெட்டை நோட்டில் குறித்துக்கொண்டு, காந்தி நகரிலும் விருதம்பட்டிலும் ஆறு வீடுகளை, அக்னி நட்சத்திர வெயிலிலும் சலிக்காமல் காட்டினார்.

கணக்கு சொல்வதில்தான் கோளாறு. 28 லட்சம் என்று அவர் சொன்ன, மறுவிற்பனைக்கு வந்த பழைய அடுக்குமாடி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என இரண்டரை லட்சம் தனியாக ஆகும் என்பதை நாங்கள் கேட்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. 20 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 17,360 ரூபாய். "வாடகைக் காசிலேயே தவணை கட்டிவிடலாம் சார்" என்ற அவருடைய பேச்சு அங்கேயே உடைந்தது. அந்த வீட்டுக் குளியலறைக் குழாயில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து, என் மனைவி ஒரு வாய் நீரைக் கொப்பளித்துத் துப்பியபோது, அவர் பேச்சைப் பால்கனிக்கு மாற்றிவிட்டார்.

வீட்டின் மேல் அடமானம், முந்தைய விற்பனை எனப் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதற்கும் அவர் 500 ரூபாய் கேட்டார். வாடகை வீடு தேட அவரிடம் தாராளமாகப் போகலாம். வாங்குவதென்றால் மூலப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் இன்னும் வாடகையில்தான் இருக்கிறோம்.