டாக்கில் மாட்டிய லேப்டாப்பா, தனித்தனி கம்ப்யூட்டரா?

நாகர்கோவில் வீட்டில் டெஸ்க்டாப், வெளியே கொண்டுபோக லேப்டாப் என்று இரண்டு வைத்திருந்ததை விட்டுவிட்டு, இப்போது ஒரே லேப்டாப்பும் தண்டர்போல்ட் 4 டாக்கும்தான். டாக் என்றால் மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் செருகி வைக்கும் சின்னப் பெட்டி; தண்டர்போல்ட் என்பது யுஎஸ்பி-சி துளை வழியே வரும் வேகமான இணைப்பு. எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. ஒரே கேபிளைச் செருகினால் சார்ஜ், இரண்டு மானிட்டர், கீபோர்டு, நெட் எல்லாம் வந்துவிடும். மார்த்தாண்டத்துக்குக் கிளம்பும்போது கேபிளை உருவிவிட்டு லேப்டாப்பைப் பையில் போட்டால் போதும், எந்த ஃபைல் எதில் கிடக்கிறது என்ற தேடலே இல்லை.

மழைக்காலத்தில் கரண்ட் போகும்போதுதான் இதன் அருமை தெரியும். மானிட்டரும் டாக்கும் அணையும், லேப்டாப் பாட்டுக்கு பேட்டரியில் ஓடும். ஆனால் டாக்கில் செருகிய ஹார்டு டிஸ்க் பட்டென்று துண்டிக்கப்படும், அதனால் அதை நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள்.

வாங்குமுன் லேப்டாப் போர்ட் பக்கத்தில் தண்டர்போல்ட்டுக்கான மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள், யுஎஸ்பி-சி துளை எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தண்டர்போல்ட் 4 என்றால் 40 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 40 ஜிகாபிட்) வேகம், இரண்டு 4கே மானிட்டர் தாங்கும். சாதாரண யுஎஸ்பி வழியே மானிட்டருக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் டாக் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் தனியாக டிரைவர் போட வேண்டும். கேமிங் லேப்டாப்புக்கு டாக் தரும் 100 வாட் பெரும்பாலும் பத்தாது, அதன் சார்ஜரையும் செருகியே ஆகவேண்டும். அப்புறம், எப்போதும் சார்ஜிலேயே கிடப்பதால், பேட்டரி சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி செட்டிங் வைத்துவிடுங்கள்.

நாள் முழுக்க வீடியோ எடிட்டிங் என்றால் மட்டும் டெஸ்க்டாப்பே வாங்குங்கள், லேப்டாப் சூடாகி வேகம் குறைந்துவிடும், ரேம் கூட்டுவதும் டெஸ்க்டாப்பில்தான் சுலபம்.