அல்ட்ரா மாரத்தான் பயிற்சி என்று ரூ.38,500 கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குத் தயாராகும் நம் ஊர் ஓட்டக்காரர்களைக் குறிவைத்து, "குளிர்காலப் பயிற்சியும் இரண்டு முன்னோட்டப் போட்டிகளும்" என்ற பெயரில் ஒரு தொகுப்பு விற்கப்படுகிறது. விற்பவர்கள் சமூக ஊடகப் பக்கம் வழியாகவும் வாட்ஸ்அப் குழு வழியாகவும் ஆள் சேர்க்கும் ஒரு தனியார் பயிற்சி அமைப்பினர். அதற்கு நான் கட்டியது ரூ.38,500. கைக்கு வந்தவை ஒரு பிடிஎஃப், ஒரு டி-ஷர்ட், தூரம் குறைந்த ஓர் ஓட்டம், அவ்வளவுதான். "பணம் திருப்பித் தரும் வழக்கம் எங்களிடம் இல்லை" என்ற கடைசிப் பதில் நேற்றிரவு வந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. இந்த வட்டாரத்தில் ஓடுபவர்களுக்கு அது யாரென்று புரியும்.

காம்ரேட்ஸ் 1921-இல் தொடங்கிய அல்ட்ரா மாரத்தான், அதாவது மாரத்தானைவிட நீண்ட ஓட்டம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, முறையாக அளக்கப்பட்ட பாதையில் ஒரு மாரத்தானை (42.2 கிலோமீட்டர்) 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்த சான்று வேண்டும். ஓட்டம் அவர்களுடைய குளிர்காலத்தில், ஜூன் மாதவாக்கில் நடக்கும். நாமோ அதற்கான நெடுந்தூரப் பயிற்சியை நம் மார்கழியிலும் தையிலும் முடித்தாக வேண்டும். மாசி கழிந்தால் சென்னையில் காலை எட்டு மணிக்கே தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். தகுதி நேரம் வாங்குவதும், 50 கிலோமீட்டர் போன்ற ஒரு முன்னோட்ட ஓட்டத்தை நிதானமாக ஓடிப் பார்ப்பதும் இந்தச் சில வாரங்களுக்குள் முடிய வேண்டியவை. இந்த நெருக்கடியைத்தான் அந்த அமைப்பின் பயிற்சியாளர் விலையாக்கினார்.

அவரை நான் நம்பியது விளம்பரத்தைப் பார்த்து அல்ல. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து எல்லோரும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து பேசினார். காம்ரேட்ஸ் பாதையில் வரும் பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தைப் பற்றியும் இஞ்சாங்கா ஏற்றத்தைப் பற்றியும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் போலச் சொன்னார். காம்ரேட்ஸை முதல் முறை முடித்தவர்கள் அடுத்த ஆண்டும் முடித்தால் தரப்படும் 'பேக் டு பேக்' பதக்கத்தைக் கைப்பேசியில் காட்டினார். பிறகு என்னிடம், "போன மாரத்தான்ல 32-வது கிலோமீட்டருக்கு அப்புறம் உங்களுக்கு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார். வேறு எந்தப் பயிற்சியாளரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். நான் தொடைப் பிடிப்பைப் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இறக்கத்தில் ஓடும் பயிற்சி இல்லாததே காரணம் என்றும், ஏற்காட்டு மலைப்பாதையில் சரிசெய்துவிடலாம் என்றும் சொன்னார். காரணமும் சரியானதே. அன்று மாலையே ரூ.38,500-ஐ யுபிஐயில் அனுப்பினேன். பணம் அமைப்பின் பெயருக்குப் போகாமல் ஒரு தனிநபர் பெயருக்குப் போனதைக் கேட்டபோது, "கரண்ட் அக்கவுண்ட் ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றார்.

வந்த பிடிஎஃபில் ஒவ்வொரு நாளைக்கும் 3.2, 8.0, 16.1, 32.2 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. மைலில் இருந்த யாரோ ஒருவருடைய அட்டவணையை அப்படியே கிலோமீட்டருக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். அதைவிடக் கொடுமை, சாலையில் பனி உறைந்திருந்தால் ஆணி பதித்த காலணி அணியுமாறும், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனால் டிரெட்மில்லில் ஓடுமாறும் அதில் அறிவுரை இருந்தது. சென்னையில் டிசம்பரில் ஓடுபவனுக்கு வடகிழக்குப் பருவமழையும், காற்றில் ஈரம் மிகுந்து சட்டை பிழியப் பிழிய வியர்ப்பதும்தான் சிக்கல்கள். அவற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏற்காட்டு முகாம் ஒரே ஒரு முறை நடந்தது. தங்குமிடச் செலவு தனி, பயிற்சியாளர் வரவில்லை.

இவை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டது முன்னோட்டப் போட்டிகளுக்காக. முதல் போட்டி தகுதிக்கு ஏற்ற மாரத்தான் என்றும், பாதை சான்றளிக்கப்பட்டது என்றும் விளம்பரத்திலேயே இருந்தது. அதை நம்பித்தான், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானையும் மும்பை மாரத்தானையும் விட்டுவிடுமாறு அவர் சொன்னபடி விட்டோம். போட்டி நாளன்று திரும்பும் இடத்தில், ஓடுபவர் அணியும் நேரக் கணிப்பு சிப்பைப் பதிவுசெய்யும் பாய் இல்லை. சாலையோரம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அமர்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவர், நாங்கள் ஓடிக்கொண்டே கத்திச் சொன்ன எண்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் மேசைகளில் வெறும் தண்ணீர் மட்டுமே இருந்தது, உப்போ எலக்ட்ரோலைட்டோ இல்லை. பல மணி நேரம் வியர்த்து ஓடுபவர் வெறும் தண்ணீரையே அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஓடி முடித்தபோது என் கடிகாரம் 40.8 கிலோமீட்டர் காட்டியது. உடன் ஓடியவர்களில் ஒருவருக்குக்கூட 41-ஐத் தொடவில்லை. கேட்டதற்கு "ஜிபிஎஸ் எரர்" என்றார்கள். சான்றளிக்கப்பட்ட பாதையை அளப்பவர்கள், சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியில் வளைவுகளின் உட்புறத்தை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே அளக்கிறார்கள். அதன் மேலும், தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம், மாரத்தானுக்கு 42 மீட்டர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஆகவே அத்தகைய பாதையில் கைக்கடிகாரம் பெரும்பாலும் 42.2-க்குச் சற்று மேலேதான் காட்டும். எல்லோருடைய கடிகாரமும் சேர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டர் குறைத்துக் காட்ட வேண்டுமென்றால், குறை பாதையில்தான் இருக்கிறது. அளவீட்டுச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். "வந்துட்டே இருக்கு சார்" என்றார்கள். ஓட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய அளவீட்டுக்கு, ஓட்டம் முடிந்த பிறகு எங்கிருந்து சான்றிதழ் வரும்?

அடுத்தது 50 கிலோமீட்டர் ஓட்டம். ஓடும்போது ஆற்றலுக்காக உண்ணும் ஜெல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, எந்தக் காலணியில் கொப்புளம் வருகிறது, கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்குச் சற்று உள்ளே என்ற வேகத்தில் மணிக்கணக்கில் பொறுமையாக ஓட முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஒத்திகை அதுதான். முந்தைய இரவு பதினொரு மணிக்கு, "தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைப்பு" என்று குழுவில் ஒரு செய்தி வந்தது. எல்லோரும் காரணம் கேட்கத் தொடங்கியதும், நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும்படி குழுவை மாற்றிவிட்டார்கள். தனியாக அழைத்தேன், நெகட்டிவ் எனர்ஜியோடு அல்ட்ரா ஓட முடியாது என்று எனக்கே உபதேசம் செய்தார். மின்னஞ்சல் அனுப்பினேன், ரூ.38,500-இல் பாதியை அடுத்த சீசனுக்கு வரவு வைப்பதாகப் பதில் வந்தது. முழுத் தொகையையும் எழுத்தில் கேட்ட அன்றே குழுவிலிருந்து நீக்கப்பட்டேன்.

ரூ.38,500 என் வீட்டில் இரண்டு மாத வாடகை. அதோடு நான்கு மாதம் விடிகாலை மூன்றரைக்கு எழுந்த உழைப்பும் போனது. வெயில் காலம் தொடங்குமுன் அளக்கப்பட்ட பாதையில் ஒரு மாரத்தான் கிடைத்து, அதில் 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்தால்தான் இந்த ஆண்டு டர்பன். உடன் ஓடியவர்களில் சிலர் விமானச் சீட்டே எடுத்துவிட்டார்கள்.

பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போதிருக்கும் கோபத்தில் இவ்வளவுதான் எழுத வருகிறது. பாதையின் அளவீட்டுச் சான்றிதழைப் பார்க்காமல் எந்தப் போட்டியையும் தகுதிப் போட்டியாக நம்பாதீர்கள். போன ஆண்டு முடிவுப் பட்டியலைக் கேளுங்கள். அதில் இருப்பவர்களில் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். பயிற்சிக்கும் போட்டிக்கும் சேர்த்து ஒரே தொகை கேட்டால் தராதீர்கள். குழு உரையாடலை இன்றே ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் குழுவில் இருக்கும்போதே அவர்கள் செய்திகளை எல்லோருக்குமாக அழித்தால், அவை உங்கள் கைப்பேசியிலிருந்தும் போய்விடும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நான் 1915-இல் பதிந்துவிட்டேன். அதே தொகுப்பில் பணம் கட்டியவர்கள் ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால் ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம். அடுத்த சீசனுக்கு "முதல் ஐம்பது பேருக்குச் சலுகை" என்று அவர்கள் நேற்றே விளம்பரம் போட்டுவிட்டார்கள்.