பச்சைக் குழந்தைக்குப் படம்: ஸ்டுடியோவா, வீடா?

மூத்தவள் பிறந்த 12-ஆம் நாள் ஸ்டுடியோவில் வைத்துப் படம் எடுத்தோம். இளையவனுக்கு 20-ஆம் நாள், மதுரையில் அம்மா வீட்டிலேயே எடுத்தோம். இரண்டும் ஒரே சுவரில் மாட்டியிருக்கின்றன. இப்போது தங்கை மாசமாக இருக்கிறாள். "அக்கா, எப்படி எடுத்தா நல்லா இருக்கும்?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஸ்டுடியோ படம் என்றால் தெரியும்தானே? மெல்லிய துணியில் சுற்றி, கூடைக்குள்ளோ பீன் பேக் மேலோ சுருண்டு தூங்குகிற குழந்தை. பிறந்து 5 நாளிலிருந்து 14 நாளுக்குள் வரச் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்களில் குழந்தை இன்னும் வயிற்றுக்குள் இருந்த மாதிரியே கைகால் மடக்கிக் கிடக்கும், அசந்து தூங்கும். இரண்டு வாரம் தாண்டினால் கைகாலை நீட்ட ஆரம்பித்துவிடும். முகத்தில் சின்னச் சின்னப் பருவும் வரலாம்.

சிக்கலே அந்த 14 நாளில்தான். சிசேரியன் தையல் ஆறியிருக்காது. பால் கட்டிக்கொண்டு வலிக்கும். பல குழந்தைகளுக்கு மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் உடம்பு மஞ்சளாகத் தெரியும். பிறந்ததும் குறைகிற எடை திரும்பி வரவே 10, 14 நாள் ஆகிவிடும். "பதினாறு கழியாம பச்ச ஒடம்போட வாசப்படி தாண்டுவியா?" என்று அம்மா சத்தம் போட்டார். தீட்டு என்று சொல்லித் தடுக்கிறாரே என்று எனக்கு அப்போது கோபம் வந்தது. இன்று யோசித்தால், தீட்டு என்ற பெயரில் அவர் காப்பாற்றப் பார்த்தது என் உடம்பைத்தான்.

போனோம். மூன்றரை மணி நேரம் ஆனது. துணி இல்லாத குழந்தைக்குக் குளிரக்கூடாது என்று ஏசியை அணைத்து, ஹீட்டர் போட்டிருந்தார்கள். நடுவில் இரண்டு முறை பால் கொடுத்தேன். கடைசியாக அந்தப் பிரபலமான போஸ்: இரண்டு கையிலும் தாடையை ஊன்றித் தலை நிமிர்ந்து தூங்குவது போல இருக்குமே, அது. பிடித்துக்கொண்டிருந்த பெண் எதையோ எடுக்க ஒரு கையை விட்டார். தலை லேசாகச் சாய்ந்தது. தையல் வலியோடு நான் எழுந்து ஓடிப் பிடித்தேன்.

பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். அந்தக் கழுத்து அதைத் தாங்காது. அந்தப் படத்தை முறையாக எடுப்பவர்கள் தலையைப் பிடித்தபடி ஒன்று, மணிக்கட்டைப் பிடித்தபடி இன்னொன்று என இரண்டு படம் எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பிடித்த கையை நீக்கிவிடுவார்கள். குழந்தை ஒரு நொடிகூடத் தனியாகத் தலையைத் தாங்குவதில்லை. ஸ்டுடியோவை முடிவு செய்யுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அந்தப் படத்தை எப்படி எடுப்பீங்க?" இரண்டாக எடுத்துச் சேர்ப்போம் என்றால் மேற்கொண்டு பேசலாம். "குழந்தை அதுவா இருக்கும்" என்றால் வந்துவிடுங்கள். துணி சுற்றும்போதும் காலை நேராக இழுத்து இறுக்கக்கூடாது. துணிக்குள் கால் மடங்கி அகல இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல்.

படம் அழகாக வந்தது, அதை மறுக்க மாட்டேன். காது மடலில் இருந்த பூனைமுடிகூடத் தெரிந்தது. ஆனால் மூத்தவளுக்குப் பிறக்கும்போதே இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சிவப்புத் தடம் இருந்தது. அழுதால் இன்னும் சிவக்கும். எடிட்டிங்கில் அதை மாசு என்று துடைத்துவிட்டார்கள். ஒன்றரை வயதில் அதுவாகவே மறைந்தும் போனது. இப்போது அந்தத் தடம் என் போனில் மங்கலான ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

வீட்டில் எடுப்பதற்கு இந்த 14 நாள் கணக்கு கிடையாது. தூங்கினாலும் விழித்தாலும் அழுதாலும் படம்தான். எங்களுக்கு எடுக்க வந்த தம்பி காலை எட்டரைக்கு வந்து முதலில் கையைக் கழுவினார். அப்புறம், "அக்கா, டியூப்லைட்டை அணைச்சிருங்க" என்றார். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் குழந்தையின் தோல் பச்சையடித்துத் தெரியுமாம். கட்டிலை ஜன்னலோரம் இழுத்து, அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்தார். வெளிச்சம் தலைப் பக்கத்திலிருந்து முகத்தில் விழுகிற மாதிரி படுக்க வைத்தார். கால் பக்கத்திலிருந்து வந்தால் முகம் விகாரமாகத் தெரியும்.

அவர் எதையும் நடத்தி வைக்கவில்லை. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து அவனைக் குளிப்பாட்டினார், அதை அந்தத் தம்பி அப்படியே எடுத்தார். வசம்பு வளையல், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு எல்லாம் இருந்தபடியே இருந்தன. அம்மாவின் பழைய சேலையில் கட்டிய தூளிக்குள் அவனைப் போட்டதும், சேலை வழியாகச் சலித்து வந்த வெளிச்சம் அவன் முகத்தில் மஞ்சளாக விழுந்தது. அதைப் போல ஒரு வெளிச்சத்தை எந்த செட்டிலும் நான் பார்த்ததில்லை. இன்னொரு படத்தில் பால் குடித்துவிட்டு என்னையே பார்க்கிறான். அந்த வயதில் 20, 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையில் இருப்பதும் ஏறக்குறைய அதே தூரம்தான்.

குறைகளும் உண்டு. வெளிச்சம் வராத வீட்டில் சரியாக அமையாது. மருந்து பாட்டில், காயப்போட்ட துணி எல்லாம் படத்துக்குள் வரும். வீட்டுக்கு வந்தும் கூடையை இறக்கி அதே ஸ்டுடியோ போஸையே எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் முன்பு வேறு வீடுகளில் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். எடுக்க வருபவருக்குச் சளி, இருமல் இருந்தால் வேறு நாள் வரச் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் எடுப்பதற்குப் போனே போதும். கையில் கட்டிய பெயர்ப்பட்டையை மட்டும் மறக்காமல் எடுங்கள். கிருஷ்ணர் வேஷம், மயிலிறகு எல்லாம் ஏழெட்டு மாதத்தில் குழந்தை உட்காரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சுகப்பிரசவமாகி, குழந்தை நன்றாகப் பால் குடித்து, நம்பகமான ஆளும் கிடைத்து, சுருண்டு தூங்கும் அந்தப் படம்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால் ஸ்டுடியோவுக்குப் போகலாம். மற்ற எல்லாருக்கும் வீடுதான் என்பது என் முடிவு. தங்கைக்கு ஐப்பசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைத் துவைத்து மடித்து எடுத்து வைத்துவிட்டேன்.