கோபிநாத் பஜார் பதக்க ஃபிரேம்: தையலை நம்பலாம், பதக்கத் தேர்வை நம்ப வேண்டாம்

டெல்லி கன்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் ராணுவச் சீருடை, ரிப்பன், பதக்கம் விற்கும் கடைகள் நிறைய. அவற்றில் ஒரு கடை செய்து தந்த நகல் பதக்க ஃபிரேம் பற்றியது இந்த விமர்சனம்.

ஃபிரேம், 34ஆம் பூனா குதிரைப் படையின் லெப்டினன்ட் ஃபிராங்க் டி பாஸ் நினைவாக. 1914 நவம்பர் 24 அன்று பிரான்சின் ஃபெஸ்டுபெர்ட் அருகே ஜெர்மானியப் பதுங்குகுழிக்குள் நுழைந்து தடுப்பைத் தகர்த்தவர். பின்பு குண்டுமழையில் காயம்பட்டுக் கிடந்த வீரரை மீட்டவர். மறுநாள் கொல்லப்பட்டார், வயது 27. பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது 1915 பிப்ரவரியில்தான். அசல் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தையல் பிரமாதம். பதக்கம் ஆடாதபடி ரிப்பன் சுற்றிய அட்டையில் கட்டும் கோர்ட் மவுண்டிங்; பின்பக்க நூல்கூட எங்கும் துருத்தவில்லை. விக்டோரியா கிராஸ் ரிப்பன் 38 மில்லிமீட்டர், நட்சத்திரப் பதக்கத்தின் ரிப்பன் 32. பல கடைகள் எல்லாவற்றுக்கும் 32ஐயே வெட்டிவிடும்; இங்கே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

சறுக்கியது போர்க்களப் பணிக்கான நட்சத்திரப் பதக்கத்தில். வைத்தது 1914-15 நட்சத்திரம். டி பாஸின் படை அக்டோபரிலேயே பிரான்சில் இறங்கிவிட்டது. 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை அங்கே பணியாற்றியவருக்கு உரியது 1914 நட்சத்திரம். இரண்டுக்கும் ரிப்பன் ஒன்றே என்பதால் கடைக்காரர் கண்ணுக்குத் தப்பும். நடுப்பட்டையைப் பாருங்கள்: ஆகஸ்ட், 1914, நவம்பர் என மூன்று சுருள்கள் இருந்தால் 1914 நட்சத்திரம், 1914-15 என்ற ஒரே சுருள் என்றால் 1914-15 நட்சத்திரம். சொன்னதும் மாற்றித் தந்தார்கள், முகம் சுளிக்காமல்.

பின்னணித் துணிதான் பெரிய குறை. கம்பளி ஃபெல்ட்டில் இருந்து கந்தகம் கசியும், வெள்ளி கறுக்கும். நகலுக்குப் பரவாயில்லை, வீட்டில் முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கமான பிரிட்டிஷ் வார் மெடலின் அசலை வைத்திருப்பவர்கள் பருத்தித் துணியும் அமிலமில்லாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். பசை வேண்டவே வேண்டாம், தைக்கச் சொல்லுங்கள்.

அசல் பதக்கத்தைக் கடையில் கொடுக்கும்முன் 'பாலிஷ் போடாதீர்கள்' என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். தரைப்படை அதிகாரிகளின் வார் மெடல், அதே போருக்கான விக்டரி மெடல் விளிம்பில் பதவியும் பெயரும் மட்டுமே இருக்கும், படைப்பிரிவு இருக்காது. பிராஸோ போட்டுத் தேய்த்து அதுவும் மழுங்கினால் பதக்கம் யாருடையது என்று நிரூபிக்க வழியில்லை. நகல் என்றால் பின்புறம் 'நகல்' முத்திரை அடிக்கச் சொல்லுங்கள். கேட்டால்தான் அடிக்கிறார்கள்.